பிள்ளைக்குத் தற்காப்பு: கராத்தேவா, சிலம்பமா, ஜூடோவா?

முழு ஆண்டுத் தேர்வு முடிவதற்குள்ளேயே புதுச்சேரியில் கம்பத்துக்குக் கம்பம் தட்டி கட்டிவிடுகிறார்கள். கராத்தே, சிலம்பம், டேக்வாண்டோ, கிக் பாக்சிங், கோடைகாலச் சிறப்பு முகாம். கீழே தற்காப்பு, தன்னம்பிக்கை, ஒழுக்கம், ஞாபகசக்தி என்று நாலும் வரிசையாக வரும். கடலூரிலும் மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகர் வரை இதே கதைதான். அந்த நாலில் பின்னால் வரும் மூன்றையும் நான் இங்கே தொடப்போவதில்லை. ஒழுங்காக நடக்கும் கால்பந்துப் பயிற்சியில் சேர்த்தாலும் அவை கிடைத்துவிடும். ஏழு வயதிலிருந்து பதினாலு வயதுக்குள் இருக்கும் ஒரு பிள்ளையின் மேல் யாராவது கை வைத்தால், விடுபட்டு வர எந்தக் கலை நிஜமாக உதவும் என்பது மட்டும்தான் பேச்சு.

முதலில், பிள்ளைகளுக்கு என்னதான் நடக்கிறது? பள்ளிக்கூட மைதானத்திலோ வேன் நிற்கும் இடத்திலோ எவனும் சினிமாவில் போல எதிரே வந்து நின்று குத்துவதில்லை. பின்னாலிருந்து பையைப் பிடித்து இழுப்பான். காலரைப் பிடிப்பான். கழுத்தை அக்குளில் இடுக்குவான். தள்ளிவிடுவான், விழுந்ததும் மேலே ஏறி உட்காருவான். பெண் பிள்ளை என்றால் மணிக்கட்டு, தலைமுடி, துப்பட்டா. ஆக, பிடியிலிருந்து விடுபடத் தெரிய வேண்டும், தலையில் அடிபடாமல் விழத் தெரிய வேண்டும், கீழே கிடந்தால் எழத் தெரிய வேண்டும், எழுந்ததும் ஓடத் தெரிய வேண்டும். எல்லாக் கலைகளையும் இந்த நாலை வைத்துத்தான் பார்க்கிறேன். தலைக்கு மேல் உதைப்பதும் ஓடு உடைப்பதும் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முரண்டு பிடிக்கும் ஆளோடு பழகாத வித்தை, அவசரத்துக்குக் கை கொடுக்காது. எதிரே நிற்கிற பையன் தன் முழு பலத்தையும் போட்டு இழுக்க, நம் பிள்ளையும் முழு பலத்தோடு சமாளிக்க, இருவருக்கும் பெரிய அடி எதுவும் படாமல் அது வாரா வாரம் நடக்க வேண்டும். இது எந்த வகுப்பில் நடக்கிறதோ அதுதான் தற்காப்பு வகுப்பு. கலையின் பெயரெல்லாம் அப்புறம்.

இந்தக் கணக்கில் முதலிடம், ஆளைப் பிடித்துத் தூக்கிப் போடும் ஜப்பானியக் கலையான ஜூடோவுக்கு. 1882ல் ஜிகோரோ கானோ டோக்கியோவில் கோடோகான் பள்ளியைத் தொடங்கியபோது செய்த பெரிய காரியம் இதுதான்: ஜப்பானின் பழைய மல்லுக்கட்டுக் கலையான ஜுஜுட்சுவில் இருந்த, ஆளை முடமாக்கக்கூடிய வித்தைகளைப் பயிற்சி ஆட்டத்திலிருந்து ஒதுக்கிவிட்டார். மிச்சமிருந்ததை மாணவர்கள் தினமும் முழு வேகத்தில் மோதிப் பழக முடிந்தது. ஆபத்தான பிடி ஆயிரம் தெரிந்தும் எதையும் யார் மேலும் பிரயோகித்துப் பார்த்திராத ஆளைவிட, நாலே பிடியை ஆயிரம் தடவை போட்டுப் பார்த்தவன் கெட்டிக்காரன். 1964ல் ஒலிம்பிக்கிலும் சேர்ந்துவிட்டதால் உலகம் முழுக்க ஒரே மாதிரியான விதிகள், சின்னப் பிள்ளைகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் என்று எல்லாம் ஒழுங்குபட்டிருக்கிறது.

ஜூடோ வகுப்பில் முதல் சில வாரம் தூக்கிப் போடுவதே கிடையாது, விழுவதுதான். தாடையை நெஞ்சோடு ஒட்டவைத்து, முதுகைக் கூன் போட்டு, உட்கார்ந்த நிலையிலிருந்து பின்பக்கம் உருள வேண்டும். முதுகு கீழே விரித்த மேட் மேல் படும் அதே நேரத்தில் இரண்டு கைகளும், உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை, அந்த மேட் மேல் ஓங்கி அறைய வேண்டும். மூச்சு வெளியே வந்துவிட வேண்டும். கையை உடம்போடு ஒட்டியும் வைக்கக் கூடாது, தோள் உயரத்துக்கு விரித்தும் வைக்கக் கூடாது, இரண்டுக்கும் நடுவில். பழகாத பிள்ளை விழும்போது பின்னால் கையை ஊன்றும், மணிக்கட்டு போய்விடும். அல்லது பின்மண்டை தரையில் மோதும். பழகிய பிள்ளைக்கு யோசிக்காமலே தாடை நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும். சண்டையே வராவிட்டாலும் சைக்கிளிலிருந்து விழும், மழை நாளில் மொசைக் தரையில் வழுக்கும். இது ஒன்றுக்காகவே கொடுக்கிற பணம் தகும் என்பது என் கட்சி.

குறை இல்லாமல் இல்லை. மேட் வேண்டும், ஒத்த எடையில் ஜோடிப் பிள்ளைகள் வேண்டும், கூரை வேண்டும். மொட்டை மாடியில் நடத்த முடியாது. அதனால்தான் தெருவுக்குத் தெரு கராத்தே இருக்கும் ஊரில் ஜூடோவைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. போட்டி ஜூடோவில் ஒரு கெட்ட பழக்கமும் தொற்றிக்கொள்ளும். கீழே விழுந்ததும் குப்புறக் கவிழ்ந்து ஆமையாகச் சுருண்டு, நடுவர் நிறுத்தும் வரை காத்திருப்பார்கள். தெருவில் நடுவர் வரமாட்டார். கீழே கிடந்தால் எதிராளியைப் பார்த்தபடி திரும்பி எழச் சொல்லித் தருகிறாரா என்று மாஸ்டரிடம் கேட்டுவிடுங்கள்.

மல்யுத்தமும், ஜூடோவிலிருந்து கிளைத்த பிரேசிலிய ஜுஜுட்சுவும் இதே குடும்பம்தான். கானோவின் மாணவர்களில் ஒருவரான மிட்சுயோ மயேடா 1914ல் பிரேசில் போய்ச் சேர்ந்து, அங்கே கிரேசி குடும்பத்தாருக்குக் கற்றுத்தந்ததில் வளர்ந்தது அது. மேலே ஏறி உட்கார்ந்தவனிடமிருந்து தப்பிக்க அதை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரிந்து கிடையாது. உட்கார்ந்திருப்பவனின் ஒரு கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, அதே பக்கக் காலால் அவன் பாதத்தைத் தடுத்து, இடுப்பை விருட்டென்று மேலே தூக்கி அந்தப் பக்கமாகவே உருள வேண்டும். கை ஊன்ற வழியில்லாததால் அவன் சாய்ந்தே தீருவான். பத்து வயதுப் பிள்ளை தன்னைவிட ஐந்தாறு கிலோ கூடுதலான பையனை உருட்டிவிடுவதை ஒரு தடவை பார்த்தால் உங்களுக்கே புரியும். வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இந்த மூன்றில் எது கிடைத்தாலும், பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு இருந்தால், மேற்கொண்டு படிக்காமல் போய்ச் சேர்த்துவிடலாம்.

பெரும்பாலோருக்குக் கிடைக்காது. அதனால் கராத்தே.

கராத்தே பிறந்தது ஒகினாவா தீவில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இட்டோசு என்ற ஆசிரியர் அதைப் பள்ளிக்கூடங்களில் சொல்லித்தருவதற்காக எளிமைப்படுத்தினார். அவருடைய மாணவர் ஃபுனாகோஷி 1922ல் அதை டோக்கியோவுக்குக் கொண்டுபோனார். நம் ஊர் வராந்தாவில் நாற்பது பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசை கட்டி நின்று ‘இச், நி, சான்’ என்று எண்ணி ஒரே மாதிரி குத்துவது அந்தப் பள்ளிக்கூட டிரில்லின் வாரிசுதான். கூட்டத்துக்குச் சொல்லித்தர வசதியான முறை. ஒரே மாஸ்டர், ஒரே மைதானம், மேட் தேவையில்லை, மாதக் கட்டணமும் கட்டுப்படியாகும். ஊரெங்கும் பரவியதற்குக் காரணமும் இதுதான், அதன் பலவீனமும் இதுதான். முதல் வருடம் முழுக்க ஒருவன் கையும் ஒருவன் மேல் படாமலே மஞ்சள் பெல்ட், ஆரஞ்சு பெல்ட் என்று ஏறிவிட முடியும்.

திருப்பாப்புலியூரில் இருக்கும் என் தங்கை போன வருடம் தன் மகளுக்காகப் போனில் கேட்டாள். “அண்ணே, ஒரு வருஷம் கராத்தே போனா, எவனாவது கையைப் பிடிச்சா இவ உதறிட்டு வந்துருவாளா?”

“அங்க கிளாஸ்ல யாராவது அவ கையை நிஜமா இறுக்கிப் பிடிச்சிருக்காங்களாம்மா?”

“இல்லியே. எல்லாரும் வரிசையா நின்னு காத்துலதான் குத்துறாங்க.”

“அப்ப வராது.”

மணிக்கட்டுப் பிடியை விடுவிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிடித்திருப்பவனின் நாலு விரல் இருக்கும் பக்கம் பலம், கட்டை விரல் பக்கம் திறப்பு. முழங்கையை அவன் பக்கம் கொண்டுபோய், கட்டை விரல் இருக்கும் திசையில் வெடுக்கென்று இழுத்தால் கை வந்துவிடும். இதை ஐந்து நிமிடத்தில் சொல்லித்தந்துவிடலாம். ஆனால் பெரிய ஆள் ஒருவர் கை சிவக்கும் அளவுக்குப் பிடித்து, பிள்ளை பத்து இருபது தடவை தோற்று, அப்புறம் ஜெயித்தால்தான் அது அந்தப் பிள்ளையின் சொத்து. அப்பாவோ மாமாவோ வீட்டிலேயே செய்யலாம். தங்கை வீட்டில் அந்த வேலையை அவள் மாமனார் எடுத்துக்கொண்டார், பழைய கபடி ஆட்டக்காரர். விடமாட்டார் மனுஷன்.

கராத்தேவுக்கே உரிய நல்ல விஷயங்களையும் சொல்ல வேண்டும். அடிவயிற்றிலிருந்து கத்தச் சொல்லித் தருகிறார்கள். சாதுவாக வளர்த்த பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, பொது இடத்தில் கத்துவதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம். வாரம் மூன்று நாள் கத்திப் பழகிய தொண்டைக்கு அந்தக் கூச்சம் போய்விடும். கைப்பிடியைத் தட்டிவிடும் அசைவுகள், தனியாக வரிசைப்படி செய்யும் கட்டாக்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்து ஜோடியாகப் பழகவைக்கும் மாஸ்டர் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். குமிதே, அதாவது இருவர் மோதும் பயிற்சி, எப்போது தொடங்கும் என்று கேளுங்கள். “ஆறு மாசத்துல லேசா ஆரம்பிச்சிடுவோம், அடிபடாம கவசம் போட்டு” என்றால் நல்ல பதில். “பிளாக் பெல்ட் கிட்ட வரும்போது” என்றால் பக்கத்துத் தெருவில் விசாரியுங்கள். கியோகுஷின் போன்ற, உடம்பில் உண்மையாகவே அடிபடும் பிரிவுகளில் பிள்ளைக்கு அடி வாங்கும் பயம் சீக்கிரம் தெளியும். அழுமூஞ்சிப் பிள்ளை முதல் மாதத்திலேயே நின்றுவிடவும் கூடும்.

கிரேடிங் செலவைக் கணக்கில் வையுங்கள். மூன்று நாலு மாதத்துக்கு ஒரு பெல்ட் பரீட்சை, அதற்குத் தனிக் கட்டணம், சான்றிதழ், அப்புறம் வெளியூரில் ‘தேசிய அளவிலான’ போட்டி, போனவர்கள் எல்லோருக்கும் ஒரு மெடல். மெடல் வாங்கிய பிள்ளையின் ஃபிளெக்ஸ் பேனரைப் பார்த்து மயங்கிச் சேர்க்காதீர்கள்.

சிலம்பத்துக்கு வருவோம். இதைப் பற்றி எழுதினால் இரண்டு பக்கமும் அடி விழும். ‘நம்ம கலையைக் குறை சொல்லலாமா’ என்பார்கள் ஒரு பக்கம். ‘கம்பு தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போக முடியுமா’ என்பார்கள் இன்னொரு பக்கம். பின்னவர் கேள்வி நியாயம்தான், ஆனால் பாதி நியாயம். சிலம்பத்தில் கம்பைவிட முக்கியம் கால். நல்ல ஆசான் முதலில் கம்பையே கையில் தரமாட்டார், காலடி வைக்கப் பழக்குவார். எப்போது முன்னால் போவது, எப்போது பக்கவாட்டில் விலகுவது, எவ்வளவு தூரத்தில் நின்றால் எதிராளி கைக்கு எட்டாது என்பது உடம்பில் ஏறிவிடும். இடது கை வலது கை பேதமில்லாமல் வேலை செய்யும். கண் எதிராளியை விட்டு நகராது. ஓடித் தப்பிக்கிற பிள்ளைக்கு இந்தத் தூரக் கணக்குப் பெரிய உதவி. தெரு நாய் விஷயத்தில் மற்ற எல்லாக் கலையையும்விட இது மேல்: ஓடாமல் நின்று, குடையையோ ஸ்கூல் பையையோ முன்னால் பிடித்துப் பின்வாங்கத் தெரிந்த பிள்ளை கடி வாங்காமல் வர வாய்ப்பு அதிகம். நம் தெருக்களில் பிள்ளைகள் அன்றாடம் சந்திக்கிற எதிரி மனுஷனைவிட நாய்தானே.

பிரச்சினை எங்கே என்றால், இன்று பெரும்பாலான வகுப்புகள் போட்டிக்கு ஏற்றபடி மாறிவிட்டன. தனித்திறமைப் பிரிவில் ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு, சுருள்வாள் எல்லாம் அழகாகச் சுற்றினால் புள்ளி. இது போக, தலையில் பானை வைத்து மணிக்கணக்கில் சுற்றி ‘உலக சாதனை’ செய்யும் கூத்து வேறு. இருவர் மோதும் தொடுமுறைதான் தற்காப்புக்குப் பக்கத்தில் வருகிறது, அதைத் தலைக்கவசம் போட்டுப் பழகவைக்க வேண்டும். வெறுங்கைச் சண்டையான குத்துவரிசை சிலம்பத்தோடு சேர்ந்தே வந்த பாடம். போட்டியில் அது அவ்வளவாகத் தேவைப்படாததால் பல இடத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறார்கள். “ஆசானே, குத்துவரிசை எப்ப ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டால் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிய வேண்டும். தெரிந்தால் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.

செலவு சிலம்பத்தில்தான் குறைவு. திறந்த மைதானம், நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பு, தீர்ந்தது. தமிழக அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது, 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் செயல்விளக்க விளையாட்டாகவும் வந்தது. ஆனால் அந்த ஒதுக்கீடு கடலூர்க்காரர்களுக்கான கணக்கு. புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் இங்கே அதை நம்பிச் சேர்க்கக் கூடாது.

ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் கலையாக எதைச் சேர்க்கலாம் என்றால் யோசிக்காமல் சிலம்பம் என்பேன். தற்காப்புக்கு மட்டும் என்றால் ஜூடோ குடும்பத்துக்கும் நல்ல கராத்தேவுக்கும் அப்புறம்தான்.

டேக்வாண்டோ வேகமும் உடல் வளைவும் தரும், விளையாட்டாக அருமை. 2000 சிட்னியிலிருந்து முறையான ஒலிம்பிக் போட்டி. ஆனால் உடம்பில் குத்தினால் 1 புள்ளி, உதைத்தால் 2, தலைக்கு உதைத்தால் 3 என்று இருக்கும்போது பிள்ளைகள் கையைத் தொங்கவிட்டு உதைத்துக்கொண்டே இருப்பார்கள். முகத்தில் குத்தவே அனுமதி இல்லை, பிடிப்பதற்கும் இல்லை. காலரைப் பிடித்தவனுக்கு எதிராக அதில் பதில் குறைவு.

குத்துச்சண்டை இதற்கு நேர் எதிர். சண்டை என்றால் என்னவென்று அதைப்போல் சீக்கிரம் புரியவைக்கும் கலை இல்லை. பிரச்சினை தலைதான். அமெரிக்க, கனடா குழந்தை மருத்துவர் சங்கங்கள் 2011ல் கூட்டாகவே, பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டன. பதிமூன்று வயதுக்கு மேல், பை குத்துவதும் காலசைவும் மாஸ்டர் கையில் பிடிக்கும் பேடில் குத்துவதும் மட்டும், தலையில் அடி இல்லாமல் என்றால் சரி.

புதுச்சேரிக்காரர்களுக்குக் களரி கொஞ்சம் சொந்தம். நம் பிரதேசத்தைச் சேர்ந்த மாஹே, களரி பிறந்த கேரள மண்ணில்தான் இருக்கிறது, ஆரோவில் பக்கமும் களரி சொல்லித்தருகிறார்கள். உடம்பைச் செதுக்கும். ஆனால் மெய்ப்பயிற்சி, கோல், ஆயுதம் எல்லாம் முடிந்து வெறுங்கைக்கு வருவதற்குள் பிள்ளை கல்லூரிக்குப் போய்விடும். ஆரோவில்லில் கிடைக்கும் ஜப்பானியக் கலையான ஐக்கிடோவில் விழுவது அழகாகச் சொல்லித்தருவார்கள். எதிராளி ஒத்துழைக்கும் பயிற்சி என்பதால் என் கணக்கில் பின்னால் போகிறது. கிராவ் மகா என்ற இஸ்ரேலியத் தற்காப்பு முறையில் இரண்டு நாள் பட்டறை அம்மாக்களுக்கு நல்லது. பிள்ளைக்கு அடுத்த மாதமே மறந்துவிடும். ஒரு விரல் தட்டில் ஆளைச் சாய்க்கும் வர்மம் பத்து வயதுப் பிள்ளைக்கு என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சக பிள்ளைகளோடு வரும் தகராறுக்கு. பெரியவர்களால் வரும் ஆபத்துக்கு எந்தக் கலையும் நேர் பதில் இல்லை. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் அத்துமீறல் செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். 2024 மார்ச்சில் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒன்பது வயதுச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமையில் கைதானவர்களும் அதே பகுதிக்காரர்கள்தான். தெரிந்த மாமா கூப்பிட்டால் பிள்ளைக்குக் கை ஓங்கத் தோன்றாது. வேண்டாம் என்று சொல்லவும், விலகி வரவும், வீட்டில் வந்து சொல்லவும்தான் அதற்குப் பழக்கம் வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் மனப்பாடமாக வேண்டும். இதை நீங்கள்தான் சொல்லித்தர முடியும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. தற்காப்பு வகுப்பு என்பது, கேள்வி கேட்காமல் கீழ்ப்படிய வேண்டிய இன்னொரு பெரியவரைப் பிள்ளையின் வாழ்க்கையில் கொண்டுவந்து வைக்கிறது. நிற்கும் நிலையைத் திருத்துகிறேன் என்று உடம்பைத் தொடும் உரிமையும் அவருக்கு உண்டு. அதனால் எந்தக் கலை என்பதற்கு முன்னால், வகுப்பைப் பெற்றோர் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். “பிள்ளைங்க கவனம் சிதறும்” என்று மறுத்தால் வேண்டாம், எவ்வளவு பெரிய மாஸ்டராக இருந்தாலும் சரி. பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி தர ஒரு பெண் இருக்கிறாரா? தனி வகுப்பு என்று யாரையாவது நிறுத்திவைக்கிறார்களா? வெளியூர்ப் போட்டிக்குப் போனால் யார் கூடப் போகிறார்கள்? பிரம்பால் அடிக்கிறாரா? வலிக்கிறது, வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னால் உடனே நிறுத்துகிறார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஜூடோ வகுப்பில் நல்ல ஏற்பாடு உண்டு. கையால் இரண்டு தட்டுத் தட்டினால் பிடித்தவன் அந்த நொடியே விட்டாக வேண்டும். தான் சொன்னால் நிற்கும் என்று பிள்ளைக்குத் தெரிவதும், அடுத்தவன் சொன்னால் தானும் நிறுத்த வேண்டும் என்று தெரிவதும் அங்கே தினப்படி நடக்கிறது.

சரி, நடைமுறைக்கு வருவோம். லாஸ்பேட்டையிலிருந்து ஊரின் மறுகோடிக்கு வாரம் மூன்று நாள் டிராஃபிக்கில் போய் வருவது மூன்றாம் மாதம் நின்றுவிடும். இருபது நிமிடத்துக்குள் இருக்கும் வகுப்புகளை மட்டும் பட்டியல் போடுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாயங்காலம் போய் முழு வகுப்பையும் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் கால் மணி நேரமாவது ஜோடி ஜோடியாகப் பிள்ளைகள் இழுத்துப் பிடித்து, வியர்த்து, சிரித்துக்கொண்டு பழகினால் அது கராத்தேவோ சிலம்பமோ டேக்வாண்டோவோ, அதுவே போதும். மொத்த நேரமும் காற்றில் குத்தினால் அடுத்ததைப் பாருங்கள். ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் யூனிஃபார்ம் இலவசம் என்பார்கள். மாதா மாதமே கட்டுங்கள்.